ஒரு பங்கு என்றால் எவ்வளவு?

உணவுப் பொட்டலங்களின் முதுகில் ஒரு கட்டம் இருக்கும். எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாலும் படிக்கத் திணறும் எழுத்தில், ஒரு ஆள் ஒரு தடவை சாப்பிடும் ஒரு பங்கில் சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்தக் கட்டத்தை அச்சுக்குத் தயார் செய்வதுதான் அவள் உத்தியோகம். ஒன்பது வருஷமாக அதையே செய்ததால் அலுவலகத்தில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், பொடியெழுத்து என்ற பெயரே நிலைத்துவிட்டது. சம்பளப் பட்டியலில் மட்டும் பழைய பெயர் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பாலில் போட்டுச் சாப்பிடும் காலை உணவுச் செதில், பிஸ்கட், பழபானம், வெந்நீர் ஊற்றினால் மூன்று நிமிஷத்தில் தயாராகும் கப் நூடுல்ஸ் என்று அவள் கம்பெனி தயாரிக்காத பொட்டலம் கிடையாது. அத்தனையின் ஜாதகமும் அவளுக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், "தேன் செதில், ஒரு பங்கு முப்பது கிராம், சர்க்கரை பதினொண்ணு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவள் கணவன் இதைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறான்.

ஆகவே ஆறாம் மாதத்தில், சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிரசவ வார்டு நர்ஸ், "சர்க்கரை ஏறியிருக்கும்மா," என்று சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"எனக்கா? வேற யாரோட ரத்தமோ மாறியிருக்கும் சிஸ்டர்."

"இன்னைக்கு ரத்தம் குடுத்தது நீ ஒருத்திதான்."

அந்த நர்ஸ் லேசுப்பட்டவள் இல்லை. அவள் கையில் பிறந்தவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசையின் வால் அடுத்த ஊருக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பும். நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளும் அவள் கைப் பிள்ளைகள்தான். வார்டும் தூரமில்லை, தெருவைத் தாண்டினால் வார்டு. பொடியெழுத்தின் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அதன் பச்சைக் கதவு தெரியும். நான்கே கட்டில்கள். பிரசவ நேரத்தில் புருஷன் உள்ளே வந்து பக்கத்தில் நிற்கலாம்.

நர்ஸ் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். "இது உன் தப்புன்னு நினைக்காதே. நஞ்சுக்கொடியில ஊறுற ஹார்மோன் இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. நிறையப் பேருக்கு வரும். ஆனா உன் ரத்தத்துல ஏறுற சர்க்கரை உன்னோட நிக்காது, பிள்ளைக்கும் போகும். பிள்ளை அளவுக்கு மேல பருத்துடும். பிரசவம் சிக்கலாகலாம். பொறந்ததும் பிள்ளைக்குச் சர்க்கரை சட்டுனு இறங்கலாம். அதனால இப்பவே கட்டுல வைக்கணும்."

"வச்சிடலாம் சிஸ்டர். எனக்குத் தெரியாத சர்க்கரையா?"

"சாப்பாட்டுலயே அடங்கிட்டா பிரசவம் இங்கயே. மருந்து, ஊசின்னு போக வேண்டி வந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன். இங்க அதுக்கு வசதி இல்ல. ரெண்டு வாரம் பாப்போம்."

பெரிய ஆஸ்பத்திரி. பொடியெழுத்துக்குப் பயமெல்லாம் அதன் மேல்தான். ஊசி ஒரு பொருட்டில்லை. அங்கே பிரசவ அறைக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. புருஷனோ, அம்மாவோ, நாட்டை ஆள்பவரோ, யாராக இருந்தாலும் கதவுக்கு வெளியேதான். கணவனின் கையைக் கசக்கிப் பிழியாமல் பிள்ளை பெறுவதாக அவளுக்கு உத்தேசமே கிடையாது. அதற்காகவே ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டோம் என்று அவள் சொல்வதுண்டு. முறுக்கேறிய கம்பியை இழுத்து இழுத்துக் காய்த்த கை அது. என்ன பிழிந்தாலும் தாங்கும்.

லிஃப்ட்காரனுக்கும் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதற்குச் சொந்தக் காரணம் இருந்தது.

"பிரசவ வார்டு அங்க ஆறாவது மாடி. லிஃப்ட்ல போகணும்."

"போனா என்னங்க?"

"அந்த லிஃப்டை நான்தானே பாக்கறேன்! அதான் வேணாங்கறேன்."

நர்ஸ் ஒரு சின்னக் கருவியும் ஒரு நோட்டும் கொடுத்தாள். தினம் நான்கு தடவை விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குள், ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்றிருபதுக்குள். சாப்பிட்டது எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

எழுதுவதா? பொடியெழுத்து அடித்த கோடுகளைப் பார்த்தால் அச்சகத்துக்காரர்கள் அழுதிருப்பார்கள். அவ்வளவு நேர்த்தி. 'காலை: தேன் செதில், ஒரு பங்கு, சர்க்கரை 11 கிராம். பழபானம், ஒரு பங்கு, 14 கிராம். பதினொரு மணி: பிஸ்கட், ஒரு பங்கு. இரவு: கப் நூடுல்ஸ், ஒரு பங்கு.' அந்த நோட்டுப்படி பார்த்தால் அவள் ஒரு சிட்டுக்குருவியோடு பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மிச்சம் வைத்தவள்.

கருவியோ நூற்று ஐம்பத்தெட்டு என்றது. மறுநாள் நூற்று நாற்பத்தொன்பது. அதற்கு அடுத்த நாள், வீம்புக்காகவே என்பதுபோல், நூற்று அறுபத்து மூன்று.

"மெஷின் கெட்டுப் போச்சு," என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இரு, பாத்துடலாம்." கெட்டுப்போன எந்திரம் என்றால் லிஃப்ட்காரனுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. வயிறு முட்டத் தின்றுவிட்டு, இரண்டு மணி நேரம் கடிகாரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்து, தன் விரலைக் குத்தினான். நூற்று நான்கு. "மெஷின் நல்லா இருக்கு. என் கணையம் அதைவிட நல்லா இருக்கு."

"ரொம்பப் பீத்திக்காதீங்க. நீங்க வயித்துல ஒரு ஆளைத் தூக்கிட்டு நடந்து பாருங்க, அப்பத் தெரியும்."

மாடியில் குடியிருந்த நாத்தனார் அதற்குள் படியிறங்கி வந்துவிட்டாள். அவள் தையல்காரி. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். குளிக்கும்போதும் அதைக் கழற்றுவாளா என்பது அவள் புருஷனுக்கே சந்தேகம். நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டுச் சொன்னாள்:

"எங்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் வாயில இடுப்பு இருபத்தெட்டு அண்ணி. டேப்பைச் சுத்தினா முப்பத்தாறு. அவங்க வாயை நம்பித் துணி வெட்டினா நான் கடையை மூட வேண்டியதுதான்."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. உங்க நோட்டு பேசுது. டேப் எங்கன்னு கேட்டேன்."

"நான் பொய் எழுதுறேன்னு சொல்றியா?"

"ச்சே ச்சே. வர்றவங்களும் பொய் சொல்றதில்ல. நம்பித்தான் சொல்றாங்க."

பொடியெழுத்து நோட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். மூன்று நாள் நாத்தனாரோடு பேச்சு வார்த்தை இல்லை. தைக்கக் கொடுத்திருந்த தளர்வான சட்டையைக் கூடக் கணவன் மூலமாகத்தான் வாங்கினாள். அது கச்சிதமாக இருந்ததில் கோபம் இரட்டிப்பானது.

ஒரு வாரம் முடிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள். நர்ஸ் மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஒரு பக்கம் விடாமல் படித்தாள்.

"இதுல இருக்கறதை மட்டும் ஒரு ஆளு சாப்பிட்டா, இந்நேரம் காத்துல பறந்து போயிருக்கணும். உன்னை எந்தக் காத்து தூக்கும்?"

"எழுதினது அத்தனையும் உண்மை சிஸ்டர். பிள்ளை மேல ஆணை."

"நம்பறேன். ஒரு பங்குன்னு போட்டிருக்கியே, ஒரு பங்குன்னா எவ்வளவு?"

"முப்பது கிராம்," என்றாள் பொடியெழுத்து. கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் காட்டுகிற மாதிரி, யோசனையே இல்லாமல்.

"கண்ணால பாக்கணுமே."

வீட்டிலிருந்து கிண்ணமும் செதில் பொட்டலமும் வந்தன. தெருவைத் தாண்டுகிற தூரம்தானே, லிஃப்ட்காரன் ஓடிப் போய் எடுத்து வந்தான். நாத்தனாரும் கூடவே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. இந்த மாதிரி விஷயங்களுக்கு அவளைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

வார்டில் தராசு என்று ஒன்றுதான் உண்டு. பிறந்த பிள்ளைகளை எடை போடும் தொட்டில் தராசு. நர்ஸ் அதில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, வெறும் கிண்ணத்தை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

"இப்ப தினம் காலையில எப்படிக் கொட்டுவியோ அப்படிக் கொட்டு. தராசைப் பாக்காதே, என்னைப் பாரு."

பொடியெழுத்து நர்ஸைப் பார்த்துக்கொண்டே கொட்டினாள். ஒன்பது வருஷத்துப் பழக்கம், கை தானாகவே நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

நூற்றுப் பத்து கிராம்.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக, "முப்பத்தாறு இல்ல. அதையும் தாண்டிட்டீங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு!"

பொடியெழுத்துக்கு வாய்ப்பாடு மறக்கவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. மனசு தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. முப்பதுக்குப் பதினொன்று என்றால் நூற்றுப் பத்துக்கு நாற்பது. நாற்பது கிராம் சர்க்கரை என்றால் பத்து டீஸ்பூன். பத்து டீஸ்பூனையும் விடிந்ததும் விடியாததுமாகப் பாலில் மிதக்கவிட்டுப் பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறாள்!

நர்ஸ் விடவில்லை. "பழபானம் ஒரு பங்கு எவ்வளவு?"

"நூத்தி இருபத்தஞ்சு மில்லி."

"பாட்டில்ல?"

"நாலு பங்கு இருக்கும்."

"ஒரு பங்கு குடிச்சிட்டு மூடி வச்சிடுவியா?"

பொடியெழுத்து கொஞ்சம் யோசித்தாள். "மூடி வைப்பேன் சிஸ்டர். பாட்டில் காலியானதும்."

லிஃப்ட்காரன் சிரிக்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

"அது சரி," என்றாள் நர்ஸ் பொட்டலத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. "ஒரு மனுஷன் காலையில இத்தனூண்டு சாப்பிடுவான்னு எந்தப் புத்திசாலி எழுதினது?"

மூலைக் கட்டிலில் இருந்த கைக்குழந்தை கூட அழுகையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தது.

"நான்தான் சிஸ்டர்," என்றாள் பொடியெழுத்து.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மேனேஜர் கூப்பிட்டு, "இந்தச் சர்க்கரை எண்ணு ரொம்பக் குண்டா இருக்கும்மா. கொஞ்சம் ஒல்லியாக்கிக் கொடு," என்றார். எண்ணை இளைக்க வைக்க ஒரே வழி, பங்கை இளைக்க வைப்பது. அவள் எழுபதிலிருந்து அறுபது, ஐம்பது என்று இறங்கி முப்பதில் வந்து நின்றாள். அதற்கு எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அந்த எண்ணை ஆயிரம் தடவை அச்சுக்கு அனுப்பி அனுப்பி, அது தான் கண்டுபிடித்தது என்பதையே மறந்து, சூரியன் சந்திரன் மாதிரி இயற்கையிலேயே இருந்த ஒன்றாக நம்பிவிட்டாள். வீட்டிலும் அதே அளவில்தான் சாப்பிடுகிறோம் என்று முழு மனசாக நம்பினாள். அவள் எழுதிய பொடியெழுத்தில் முதலில் ஏமாந்தவள் அவள்தான்.

கண்ணில் தண்ணீர் முட்டியது. நர்ஸ் அவள் தோளில் ஒரு தட்டு தட்டினாள். ஆறுதலா, அடியா என்று சொல்ல முடியாத தட்டு.

"அழுதா சர்க்கரை இறங்காது. கேட்டுக்கோ. பாக்கெட்டுல வர்றது எல்லாமே கெடுதின்னு நான் சொல்லல. பயறும் பாக்கெட்டுலதான் வருது, பாலும் பாக்கெட்டுலதான் வருது. ஆனா அரைச்சு, வறுத்து, சர்க்கரை பூசி, பாதி வேலையை ஆலையே முடிச்சு அனுப்பறது இருக்கே, அது வயித்துல தங்காது. நேரா ரத்தத்துக்கு ஓடும். சத்தும் கம்மி, பசியும் சீக்கிரம் வந்துடும். முட்டை சாப்பிடு, பயறு சாப்பிடு, காய் நிறையச் சாப்பிடு. பழத்தைக் கடிச்சுத் தின்னு, குடிக்காதே. சாப்பிட்டதும் கொஞ்சம் நட. பட்டினி மட்டும் கிடக்காதே."

"இன்னும் எத்தனை நாள் இருக்கு சிஸ்டர்?"

"ஒரு வாரம். இன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுல ஆரம்பிச்சு, அடுத்த வாரம் இதே நாள் காலைச் சாப்பாடு வரைக்கும். மொத்தம் இருபத்தெட்டு தடவை குத்துவே. மூணு தடவை தாண்டினா விட்டுடறேன். நாலாவது தாண்டினா பெரிய ஆஸ்பத்திரி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் ஒழுங்கா செஞ்சும் சில பேருக்கு இறங்காதும்மா. அப்படி ஆனா ஊசி போட்டுக்கறது தோல்வி இல்ல. அதையும் தெரிஞ்சுக்கோ."

"எனக்கு இறங்கும்," என்றாள் பொடியெழுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எண்ணை இறக்கறதுதான் சிஸ்டர் என் தொழிலே."

அன்று அவள் வீட்டு அலமாரியிலிருந்து இறங்கிய பொட்டலங்களை அடுக்கியிருந்தால் மூன்றாம் மாடி வரைக்கும் படிக்கட்டு கட்டியிருக்கலாம். செதில்கள், பிஸ்கட்டுகள், நூடுல்ஸ் கோபுரம், பாட்டில் படை. தக்காளிச் சாஸின் முதுகைப் படித்துவிட்டு, "அடப்பாவி, நீயுமா?" என்று கேட்டாள். லிஃப்ட்காரன் ஆறு கப் நூடுல்ஸைக் கருவிப் பெட்டியில் ஸ்பானருக்கு அடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினான். ஒரு நகைக்கடையைக் கொள்ளையடித்தவன் கூட அவ்வளவு பதைபதைத்திருக்க மாட்டான்.

முதல் இரண்டு நாள் பொடியெழுத்துக்குத் தலை வலித்தது. தேன் செதில் மழையாகப் பெய்வதாகவும், தான் வாயைத் திறந்துகொண்டு ஓடுவதாகவும் கனவு வந்தது. காலையில் முட்டையும் வெள்ளரிக்காயும் ஒரு துண்டு முழுக்கோதுமை ரொட்டியும். மதியம் பயறும் கீரையும் தயிரும். ஒவ்வொரு வேளை முடிந்ததும் நாத்தனாரோடு தெருவை இரண்டு சுற்று. பேச்சு வார்த்தை திரும்பி வந்துவிட்டிருந்தது, வட்டியும் முதலுமாக.

"வேகமா நடங்க அண்ணி. கப்பல் கூட இதைவிட வேகமாத் திரும்பும்."

"உனக்கென்னடி, சும்மா நடக்கற. நான் ரெண்டு பேரா நடக்கறேன்."

"ரெண்டு பேரா நடங்க. ரெண்டு பேரா சாப்பிட வேணாம்னுதான் சிஸ்டர் சொல்றாங்க."

கருவி முதல் நாளே நூற்றுமுப்பத்தொன்று என்றது. ஒன்று போயிற்று. மறுநாள் நூற்றுப்பதினேழு, நூற்றுப்பன்னிரண்டு. பொடியெழுத்து அந்தக் கருவியை முத்தமிட்டாள். மூன்றாம் நாள் ஒரு திடீர் ஓட்ஸ் பொட்டலம் காலை வாரிவிட்டது. முகப்பில் தானியக் கதிர் படம், முதுகில் பார்த்தால் வெல்லக் கிடங்கு. எழுதியது போட்டிக் கம்பெனிக்காரி. "என்னைவிடப் பெரிய கைகாரியா இருக்காளே!" என்று வாய்விட்டு வியந்தாள். இரண்டு. ஆறாம் நாள், எதுவும் செய்யாமலே, வெறும் வயிற்றில் தொண்ணூற்றெட்டு. என்ன காரணமென்றே தெரியவில்லை. மூன்று.

மூன்றும் தீர்ந்துவிட்டது. இனி ஒன்று தாண்டினாலும் கண்ணாடிக் கதவுதான். ஏழாம் நாள் முழுக்க லிஃப்ட்காரன் வீட்டில் பாத்திரம் வைக்கும் சத்தம் கூட வராமல் பூனை நடை நடந்தான். நான்கு குத்தலும் கோட்டுக்குள் நின்றன. எட்டாம் நாள் காலை வெறும் வயிற்றில் எண்பத்தொன்பது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இருபத்தெட்டாவது குத்தல்.

சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்பது. குத்த வேண்டியது பதினொன்றுக்கு. பத்து மணிக்கு அலுவலகத்தில் கூட்டம். புதுப் பொட்டலத்துக்குப் பங்கு முடிவு செய்யும் கூட்டம். அந்தப் பொட்டலம் எது தெரியுமா? கர்ப்பிணிகளுக்கென்றே செய்த 'தாய்மைப் பிஸ்கட்'. முகப்பில் ஒரு கர்ப்பிணி, முதல் காதலனைப் பார்ப்பதுபோல் பிஸ்கட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொடியெழுத்து சீக்கிரமே போனாள். புதுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, எட்டு பிஸ்கட்டையும் ஒரு தட்டில் பூ மாதிரி அடுக்கி, மேனேஜர் உட்காரும் இடத்துக்கு நேராக வைத்தாள். வெண்ணெய் வாசனை ஆளைத் தூக்கியது. தன் நாற்காலியை இழுத்து மேஜையின் மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டாள். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உதை விழுந்தது. "உனக்கும் மூக்கு வந்துடுச்சா? சும்மா இரு," என்று அதட்டினாள்.

மேனேஜரும் விளம்பரக்காரரும் வந்தார்கள். மேனேஜர் நல்ல மனுஷர். கழுத்துப்பட்டை வயிற்றின் மேல் படுத்துத் தூங்கும். பேசும்போது கை எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். இன்று அதற்குத் தட்டு கிடைத்தது.

"விஷயம் ரொம்பச் சுலபம்," என்று ஆரம்பித்தார். "இரும்புச்சத்து சேர்த்திருக்கோம்." முதல் பிஸ்கட். "கால்சியம் சேர்த்திருக்கோம்." இரண்டாவது. "சர்க்கரைதான் கொஞ்சம் உறுத்துது. பொட்டலத்துக்கு முப்பத்திரண்டு கிராம்னு போட்டா பாக்கறவங்க பயந்துடுவாங்க. அதனால ஒரு பங்குன்னா ஒரு பிஸ்கட். சர்க்கரை நாலு கிராம். பாக்கவே எவ்வளவு அழகா இருக்கு!" மூன்றாவது.

"கவிதை சார்," என்றார் விளம்பரக்காரர், ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே.

"நீயும் ஒண்ணு எடும்மா பொடியெழுத்து. உன்னை மாதிரி பொண்ணுக்குன்னே செஞ்சது."

தட்டு மேஜையின் இந்தக் கோடிக்குத் தள்ளப்பட்டது. பொடியெழுத்து அதைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது. நாக்கின் அடியில் ஒரு ஏரியே திறந்துகொண்டது. ஒன்றுதானே, நாலு கிராம்தானே என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷமாக அவள் அச்சில் எழுதிவந்த குரல் அது. ஒன்றோடு நிறுத்திய ஜீவராசியை அவள் இதுவரை கண்டதில்லை.

"பதினொரு மணிக்கு விரல் குத்தணும் சார்," என்று தட்டைத் திருப்பித் தள்ளினாள். "நீங்க பேசுங்க. நான் கூட்டக் குறிப்பு எழுதறேன்."

மேனேஜர் பேசினார். ஒரு தாய் எவ்வளவு அளவோடு சாப்பிடுவாள், ஒரு பிஸ்கட்டோடு எப்படித் திருப்தி அடைவாள் என்பதை முக்கால் மணி நேரம் உருக்கமாக விளக்கினார். பொடியெழுத்து தலையைத் தூக்காமல் எழுதினாள். கடைசியில் அவர் கை தட்டில் தடவியது. தடவத் தடவத் தட்டுதான் கிடைத்தது.

"யாரு இதையெல்லாம் சாப்பிட்டது?"

"விளம்பர சார் ஒண்ணு," என்று குறிப்பைப் படித்தாள் பொடியெழுத்து. "நீங்க ஏழு. பத்து மணி நாலு நிமிஷத்துக்கு முதலாவது. பத்து ஐம்பத்தொண்ணுக்கு ஏழாவது. உங்க கணக்குப்படி ஏழு பங்கு சார். ஒரு ஆளு ஒரு வாரத்துக்குச் சாப்பிட வேண்டியது."

"நான் எங்க சாப்பிட்டேன்? பேசிக்கிட்டில்ல இருந்தேன்!" என்றார் மேனேஜர். கழுத்துப்பட்டையில் இருந்த தூள்கள் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லின.

"பேசிக்கிட்டேதான் சார் எல்லாரும் சாப்பிடறாங்க. ஆறு மாசக்காரிக்குப் பசி உங்களைவிட ரெண்டு மடங்கு. ஒண்ணைத் தின்னுட்டு மீதி ஏழையும் அவ எங்க கொண்டு போய் வைப்பா? முழுப் பொட்டலத்துக்கும் போடலாம். சர்க்கரை முப்பத்திரண்டு கிராம். என் பொடி எழுத்துல இல்ல, கண்ணுக்குத் தெரியற எழுத்துல."

"அப்படிப் போட்டா எந்தக் கர்ப்பிணி வாங்குவா?" என்று அலறினார் விளம்பரக்காரர்.

"எங்களை மாதிரி சர்க்கரை ஏறினவங்க வாங்க மாட்டாங்க. மத்தவங்க தெரிஞ்சு வாங்குவாங்க. மேனேஜர் சார் எப்படியும் வாங்குவாரு."

மேனேஜர் கழுத்துப்பட்டையில் இருந்த தூளைத் தட்டிவிட்டார். "இந்தக் குறிப்பு யாருக்குப் போகும்?"

"வழக்கம்போல மேலிடத்துக்கு சார். ஏழாவது பிஸ்கட் வரைக்கும் எழுதியிருக்கேன்."

மணி பதினொன்று. அவள் கருவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். விரலைக் குத்தினாள். ஒரு சொட்டு. கருவி யோசிக்க ஆரம்பித்தது. ஐந்து நொடிதான். ஆனால் அந்த ஐந்து நொடியில் இரண்டு யுகம் கழிந்து, ஒரு மலை தேய்ந்து சமவெளியானது. என்ன ஏது என்று தெரியாமலே மேனேஜரும் விளம்பரக்காரரும் தலையை நீட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தார்கள்.

நூற்றுப்பதினெட்டு.

பொடியெழுத்து கூச்சலிட்ட கூச்சலில் கீழ்த்தளத்தில் பொட்டலம் ஒட்டும் எந்திரம் ஒரு நிமிஷம் நின்று போனதாக இன்றும் சொல்கிறார்கள். மேனேஜரும் சேர்ந்து கூச்சலிட்டார். ஏன் என்று பிறகுதான் கேட்டார். அவள் சொன்னாள். தராசு, கிண்ணம், கண்ணாடிக் கதவு, எல்லாவற்றையும். அவர் காலித் தட்டைத் தன் முன்னாலிருந்து தள்ளி வைத்தார்.

"அந்த மெஷினை இங்க கொடு. என் விரலையும் குத்து," என்றார். பிறகு அவசரமாக, "வேணாம், வேணாம். முழுப் பொட்டலத்துக்கே போட்டுடு. குறிப்புல மட்டும் நாலு பிஸ்கட்னு எழுதிக்கோ."

"எண்ணை ஒல்லியாக்கற வேலையை விட்டுட்டேன் சார்."

அன்று மதியம் தெருவைத் தாண்டியபோது கணவன் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம். நர்ஸ் நோட்டை ஒரு வரி விடாமல் பார்த்தாள். தாண்டிய மூன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டு ஓரத்தில் காரணமும் எழுதியிருந்தது. மூன்றாவதுக்கு மட்டும் 'காரணம் தெரியவில்லை' என்று இருந்தது.

"அடிச்சுத் திருத்தணும்னு தோணலையா?"

"தோணிச்சு சிஸ்டர். திருத்தினா உங்களை ஏமாத்தலாம். பிள்ளையை எப்படி ஏமாத்தறது?"

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இங்கயே பெத்துக்கோ. ஆனா இன்னும் மூணு மாசம் இருக்கு. வாரா வாரம் நோட்டைக் காட்டணும். இதே மாதிரி நடக்கணும்." பிறகு லிஃப்ட்காரனைப் பார்த்தாள். "நீங்கதான் கூட நிப்பீங்களா? கையைக் காட்டுங்க."

அவன் காய்த்த கையை நீட்டினான். நர்ஸ் அதைத் திருப்பிப் பார்த்து, எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"தாங்கும். போன வாரம் ஒருத்தருக்குச் சுண்டுவிரல் போச்சு."

லிஃப்ட்காரன் கையை மெல்ல இழுத்துக்கொண்டான். அவன் முகத்தில் ஆறாவது மாடி லிஃப்ட் மேல் திடீரென்று ஒரு பாசம் தெரிந்தது.

"பயந்துட்டாரு அண்ணி. இப்பவே பிடிச்சுக்கங்க," என்றாள் நாத்தனார்.

பொடியெழுத்து பிடித்துக்கொண்டாள். நர்ஸ் சீட்டை எடுத்து, 'பிரசவம்: இங்கே' என்று ஒரு மூலையில் கிறுக்க ஆரம்பித்தாள்.

"சிஸ்டர்," என்றாள் பொடியெழுத்து, எட்டிப் பார்த்துக்கொண்டே. "கொஞ்சம் பெரிசா எழுதுங்க."